திருகோணமலையில் நான் பேசாதிருந்த நேரம்

மற்றவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். செய்தியைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில் குக்கர் விசில் காதில் விழாமல் போய், அன்று பருப்பு அடிப்பிடித்தது. "உங்களையா? அவங்க யார்கிட்டயாவது விசாரிச்சாங்களா?" என்றாள். விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் நான் திருச்சியிலேயே இருந்திருப்பேன்.

நான் குழந்தைகள் மருத்துவன். பத்து, பதினோரு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி என்று ஒன்று உண்டு. பின்னாளில் கருப்பை வாயில் வரக்கூடிய புற்றுநோயிலிருந்து அது காக்கும். என் கிளினிக்கில் அதைப்பற்றி நான் ஆரம்பித்தால் பெற்றோர் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இலங்கையில் அதைப் பள்ளிக்கூடத்துக்கே போய் இலவசமாகப் போடுகிறார்கள். அப்படியும் திருகோணமலைப் பக்கம் சில தாய்மார் பிள்ளைகளை அனுப்பவில்லை, தாய்மாரிடம் எப்படிப் பேசுவதென்று எங்கள் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடு என்று கூப்பிட்டவன், அங்கே வேலை பார்க்கும் என் பழைய கல்லூரித் தோழன். நான் போய் இறங்கிய அன்று அவன் கொழும்புக்குக் கிளம்பிவிட்டான். என்னை நன்றாக அறிந்தவன்.

முதல் நாள் காலை, தங்குமிடத்தில் இடியப்பம் வைத்தார்கள். நம் ஊரில் இடியப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போதும். இங்கே அதற்கு மஞ்சள் நிறத்தில் சொதி, சிவப்பு நிறத்தில் சம்பல், தட்டின் ஓரத்தில் கையை விரித்தபடி ஒரு நண்டு. காலை ஏழு மணிக்கு நண்டோடு மல்லுக்கட்டி எனக்குப் பழக்கமில்லை. நண்டுதான் வென்றது. சட்டை சாட்சி.

மாற்றுச் சட்டையோடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டோவுக்காக நின்றேன். வகுப்பில் கொடுப்பதற்காக நான் அச்சடித்து எடுத்து வந்திருந்த தாள்கட்டை ஒரு திண்டில் வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன். போட்டுக்கொண்டு பார்த்தால் ஒரு புள்ளிமான் மூன்றாம் பக்கத்தை மென்றுகொண்டிருந்தது. நம் ஊர்த் தெருக்களில் மாடு நிற்பதுபோல இந்த ஊரில் மான் நிற்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் ஒரு முனையையும் மான் மறுமுனையையும் பிடித்து இழுத்தோம். பக்கத்தில் நின்ற கடற்படைச் சிப்பாய் சிங்களத்தில் கவலையோடு ஏதோ சொன்னார். என்னை ஏற்றவந்த ஆட்டோக்காரர் றிஸ்வி மொழிபெயர்த்தார்: "கடதாசி தின்டா மானுக்கு வயித்துக்குத்து வருமாம். இனிமேல் கவனமா வச்சிருக்கட்டாம்." என்னைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை.

வகுப்புக்கு டாக்டர்களும் தாதியரும் மருத்துவிச்சிகளும் வந்திருந்தார்கள். நான் முழங்கினேன். "வேணும்னா போடலாம், உங்க இஷ்டம்" என்று டாக்டர் இழுத்தால், தாய்க்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். "இன்னைக்குப் பிள்ளைக்கு இந்த ஊசி" என்று சாதாரணமாக ஆரம்பியுங்கள். தாய் தயங்கினால் "என்ன யோசனை?" என்று கேளுங்கள். கேட்டபிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசி விதி முக்கியம் என்று மேசையைத் தட்டினேன்.

அடுத்து நடித்துக் காட்டினேன். நான் டாக்டர், ஒரு மருத்துவிச்சி தாய். கேட்டேன், விளக்கினேன், இடையில் வரக்கூடிய எல்லாச் சந்தேகங்களையும் நானே எழுப்பி நானே தீர்த்தேன். கைதட்டல் வந்தது. தாயாக நடித்தவர் மெல்லக் கை உயர்த்தினார்.

"சேர், எனக்கு ஒரு வசனமும் வரேல்லையே?"

கூடம் குலுங்கியது. அதிகம் சிரித்தவர் முன்வரிசையில் இருந்த டாக்டர் ஃபர்ஸானா. பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்தவர், முப்பதுகளில் இருப்பவர். கடற்கரையோரப் பள்ளிகளுக்குப் பொறுப்பான சுகாதார டாக்டர். வகுப்பு முடிந்து எருமைத்தயிரும் பாணி என்னும் இனிப்புப் பாகும் சாப்பிடும்போது அருகே வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர்த் தயிர் கரண்டியைக் கண்டால் ஓடும். இந்தத் தயிர் கரண்டியை நிமிர்த்தி வைத்தால் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான் அதை வியந்துகொண்டிருக்க, அவர் தன் சங்கடத்தைச் சொன்னார்.

சல்லி என்ற கடலோர ஊரில் ஒரு பள்ளிக்கூடம். மீனவக் குடும்பங்கள். விடுமுறைக்கு முந்தின நாள் தாய்மாரைக் கூட்டி ஊசியைப்பற்றிப் பேசியிருக்கிறார். எல்லோரும் தலையாட்டினார்கள். விடுமுறை முடிந்து ஊசி போடப் போனால் ஆறு பிள்ளைகள் வரவில்லை. முதலில் பின்வாங்கியவர் சாந்தி என்ற தாய். வீட்டுக்குப் போய்க் கேட்டதற்கு "வேண்டாம், விடுங்கோ" என்று கதவோடு முடித்துவிட்டார். காரணம் சொல்லவில்லை. சாந்திக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று ஊர் தானாகவே காரணம் தேடிக்கொண்டது. பிற்காலத்தில் பிள்ளை பிறக்காதாம் என்பது இப்போதைய காரணம்.

"சாந்தி அக்கா ஓமெண்டா மத்தவங்களும் ஓமெண்டுருவாங்க, சேர். இல்லாட்டி அடுத்த வருஷம் இந்த ஆறு அறுவதாயிரும்."

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி என்று சொல்லத்தக்க எதுவும் தெரியவில்லை. மரியாதைக்கு மறுக்கவில்லை.

இரண்டாம் நாள் பிற்பகல் றிஸ்வியின் ஆட்டோவில் சல்லிக்குப் போனோம். ஊரை எட்டும் சமயம் ஆட்டோவின் முன்சக்கரம் மணலில் புதைந்தது. இறங்கித் தள்ளினேன். ஆட்டோ நகர்ந்தது. நான் நகரவில்லை. என் இடது செருப்பு மணலுக்குள் எங்கோ போய்விட்டது.

"டொக்டர் தள்ளினதாலைதான் இன்னும் ஆழமாப் போச்சுது" என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் மற்றவரிடம் சொன்னார். செருப்பை அவர்தான் தோண்டி எடுத்துத் தந்தார்.

சாந்தியின் வீடு கடலைப் பார்த்தபடி இருந்தது. நாற்பது வயதிருக்கும், மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. எங்களைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பால் துடைத்து, "இருங்கோ ஐயா" என்றார். பால் சேர்க்காத பிளேன்ரீ வந்தது. கூடவே ஒரு தட்டில் தொதல். அரிசிமாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் எண்ணெய் கக்கக் கக்கக் கிளறிச் செய்யும் கரிய இனிப்பு. எங்கள் அல்வாவின் முரட்டு அண்ணன்.

வழியெல்லாம் ஃபர்ஸானா என்னிடம் ஒரே ஒரு உதவிதான் கேட்டிருந்தார். முதலில் அவர் பேசுவார். ஆகவே முதலில் நான் பேசினேன். ஊசியின் பாதுகாப்பு, உலக அனுபவம், வதந்திகள் பிறக்கும் விதம். மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது, மரியாதைக்கு ஒரு தொதலை எடுத்து முழுசாக வாயில் போட்டேன்.

மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றாயின. திறக்கப் பார்த்தேன். முடியவில்லை.

ஃபர்ஸானா வாய்ப்பை விடவில்லை. "சாந்தி அக்கா, நான் ஒண்டும் விளங்கப்படுத்த வரல்ல. உங்களுக்கு என்ன யோசனை எண்டு கேக்கத்தான் வந்த" என்றார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார்.

சாந்தியும் சும்மா இருந்தார். தூரத்தில் ஒரு படகு எஞ்சின் இருமி நின்றது. என்னிடம் ஏழு பதில்கள் தயாராக இருந்தன. ஒன்றும் வெளியே வர வழியில்லை. கோழி ஒன்று உள்ளே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"வேண்டாமெண்டு ஆர் சொன்னது?" என்றார் சாந்தி கடைசியில்.

"நீங்கதானே அக்கா, போன முறை."

"இனி வேண்டாமெண்டு சொன்னனான். இனிப் போட்டென்ன, போடாட்டியென்ன. பிந்திப்போச்சு, டொக்டர்."

சாந்தி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பெரியபிள்ளையாக முதல் போட்டிடவேணுமெண்டு நீங்கள்தானே பள்ளிக்கூடத்திலை சொன்னனீங்கள். அடுத்தநாள் விடிய நிலானி பெரியபிள்ளையாயிட்டாள்."

உள்ளறைத் திரைக்குக் கீழே கொலுசு போட்ட இரண்டு பாதங்கள் தெரிந்தன. அவை சட்டென்று பின்வாங்கின.

"ஊருக்கு, பிள்ளை திரியாயிலை சித்தி வீட்டை நிக்கிறாளெண்டு சொல்லி வச்சிருக்கிறன். என்ரை தம்பி பெரிய போட்டிலை ஆழ்கடலுக்குப் போயிட்டான். தாய்மாமனுக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்ல ஏலுமே? அங்கை போனும் எடுபடாது. அவன் கரைக்கு வருமட்டும் நான் வாய்திறக்க ஏலாது. நீங்கள் வந்து ஏன் வேண்டாமெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு அவர் குரல் மாறியது.

"என்ரை அக்கா இந்தப் புற்றுநோய் வருத்தத்திலைதான் போனவ. கொழும்புக்கும் இங்கையுமா அலைஞ்சு, கடைசியிலை தூக்கிக்கொண்டுதான் போனது. இப்பிடி ஒரு ஊசி வருதெண்டதும் என்ரை பிள்ளைக்கு முதல் ஆளாப் போடுவிக்கவேணுமெண்டு நிண்டனான். ஒரு நாள் பிந்திப்போச்சு."

இந்த ஊசி உடலுறவில் தொற்றும் கிருமிக்கு எதிரானது. அதற்கு முன் போட்டால் நல்லது என்பதுதான் பாடம். பூப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தாய்மார் கூட்டத்தில், மேடையில் தலைமையாசிரியரும் ஓர் ஆண் ஆசிரியரும் இருக்க, அந்தப் பாடத்தை அப்படியே சொல்ல டாக்டருக்கு நா எழவில்லை. நாகரிகமாக 'பெரியபிள்ளையாக முதல்', அதாவது வயதுக்கு வருமுன், என்று சொல்லிவிட்டார். நான் அவரை ஏளனமாகப் பார்த்திருப்பேன். ஆனால் என் வகுப்புப் படங்களில் ஒன்பதாவதில் 'பூப்பெய்தும் முன்னரே' என்று அழகான பெரிய எழுத்தில் நேற்றுத்தான் சுவரில் ஒளிர்ந்தது. எல்லோரும் பணிவோடு குறித்துக்கொண்டார்கள்.

ஃபர்ஸானா நாற்காலியை முன்னே இழுத்தார். "அக்கா, நான் சொன்னது பிழ. பிந்தல்ல. ஒரு நாளும் பிந்தல்ல." பிறகு இருந்ததை இருந்தபடி சொன்னார். இந்தக் கிருமி எப்படி வருகிறது, யாருக்கு வருகிறது, ஏன் சின்ன வயதில் போடுவது, பெரியபிள்ளையானவர்களுக்கும் ஏன் போடலாம் என்பது. நாலு நிமிடம் ஆகியிருக்காது.

சாந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

"கணக்கு வாத்தியார் முன்னுக்கு இருந்தார், அக்கா. வெக்கமாப் பெய்த்து."

"அவருக்கு நாலு பிள்ளையள். கணக்குப் பாடம் படிப்பிச்சே பெத்தவர்?"

திரைக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "உள்ளை போடி!" என்றார் சாந்தி. அதற்குள் என் தாடைகள் பிரிந்துவிட்டன. ஆனால் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

நாங்கள் புறப்படும்போது பக்கத்து வேலிக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. தவமணி. அனுப்பாத ஆறு தாய்மாரில் இன்னொருவர்.

"டொக்டர், சாந்தி ஏனாம் வேண்டாமெண்டவ? பிள்ளை பிறக்காதெண்டு கதைக்கினம், மெய்யோ?"

சாந்தி வாசலில் அசையாமல் நின்றார். காரணத்தைச் சொன்னால் வதந்தி செத்துவிடும். கூடவே சாந்தி சொல்லி வைத்த திரியாய்க் கதையும் செத்துவிடும். கடலில் இருக்கும் தம்பிக்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிடும். ஃபர்ஸானா சிரித்தார். "நாளைக்குச் சங்கத்துக் கட்டடத்துக்கு வாங்க. எல்லாருக்கும் ஒரேயடியாச் சொல்றன்."

திரும்பும் வழியில், நாளைய கூட்டத்துக்கு நாற்பது நிமிட உரை ஒன்றை நான் வகுத்துக் கொடுத்தேன். 'பிழை' என்ற சொல்லைத் தவிர்த்துவிடலாம், டாக்டரின் மதிப்புக் குறையும், 'புதிய விளக்கம்' என்று சொல்லலாம் என்றேன்.

"சேர், நாளைக்கும் எங்கயாச்சும் தொதல் கிடைக்குதா பாக்கிறன்" என்றார் ஃபர்ஸானா. றிஸ்வி சிரித்த சிரிப்பில் ஆட்டோ இன்னொரு முறை மணலுக்குள் இறங்கப் பார்த்தது.

அன்று மாலை வகுப்புக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒன்பதாவது படம் தவறு என்று செய்தி அனுப்பினேன். தாயாக நடித்த மருத்துவிச்சி கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினார். அதிலும் வசனம் இல்லை.

மூன்றாம் நாள், கடற்றொழிலாளர் சங்கக் கட்டடம். கருவாட்டு வாசம், ஒரு மின்விசிறி. ஆறு தாய்மாரும் இன்னும் சிலரும். சாந்தி கடைசி வரிசையில், யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்போல இருந்தார். ஃபர்ஸானா எழுந்தார். நான் அவருக்குப் பின்னால் சுவரோடு நின்றேன்.

"அண்டைக்கு நான் சொன்னதில ஒண்டு பிழ" என்று தொடங்கினார். சங்கடமான சொற்களைச் சங்கடமில்லாமல் சொன்னார். இரண்டு பேர் தலையைக் குனிந்தார்கள். ஒரு கிழவி, "கேளுங்கோடி, தெரியாதமாதிரி இருக்கிறியள்" என்று அதட்டினார்.

"அப்ப இந்தப் பிள்ளை பிறக்காத கதை?" என்று ஒரு குரல்.

"பொய். என்ட மூத்த மகளுக்கும் போட்டாச்சு. நான் பேரப்பிள்ள பாக்கிற ஆசை இல்லாத ஆளா?"

தவமணி தொண்டையைச் செருமினார்.

"டொக்டர், சும்மா ஒரு கதைக்குக் கேக்கிறன். என்ரை மச்சாளின்ரை மகள் ஒருத்தி வெருகலிலை. ஆளாகி ரெண்டு கிழமை. அவளுக்கும் போடலாமோ?"

"போடலாம்."

முன்வரிசையில் இன்னொரு தாய். "எனக்கும் அப்பிடி ஒரு சொந்தம் இருக்கு. மூதூரிலை. எங்களுக்கில்லை, அந்தப் பிள்ளைக்கு."

"அந்தப் பிள்ளைக்கும் போடலாம். சனிக்கிழம கிளினிக்குக்கு வரச்சொல்லுங்க. ஏன் பிந்தினதெண்டு நான் ஒருத்தருட்டயும் கேக்கமாட்டன்."

நான் சாந்தியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இல்லை. துறைமுகத்தைப் பார்த்தபடி கொத்துரொட்டி சாப்பிட்டேன். தகட்டில் அதை அடிக்கும் சத்தத்தில் நான் கேட்டது எதுவும் கடைக்காரருக்கு விழவில்லை. அவராகவே கணவாய் மீன் போட்டுக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது. என் மனைவியும் இப்படித்தான் சமைக்கிறாள்.

சனிக்கிழமை கிளினிக்கின் பின்வராந்தாவில் பெஞ்சுகள் போட்டிருந்தன. ஆறில் மூன்று பிள்ளைகள் சாதாரணமாக, ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு வந்தார்கள். சற்றுப் பொறுத்து ஓர் ஆட்டோவில் சாந்தி இறங்கினார். கூடவே தலையிலிருந்து துப்பட்டாவால் மூடிய ஒரு சிறுமி. அவள் கையில் ஒரு பாக்குவெட்டி. பூப்படைந்த பெண், தண்ணீர் வார்க்கும் சடங்கு முடியுமுன் வெளியே போக நேர்ந்தால் கையில் ஓர் இரும்பைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். காத்துக்கறுப்பு அண்டாதாம். கொலுசை வைத்து நிலானியை அடையாளம் கண்டேன்.

ஆண்கள் கண்ணில் படக்கூடாதே என்று எழுந்தேன். "நீங்கள் இருங்கோ ஐயா" என்றார் சாந்தி. "டொக்டர்மாரை நாங்கள் ஆம்பிளையெண்டு எண்ணுறேல்லை." திருமணமாகி இத்தனை வருடங்களில் வீட்டில் எனக்குக் கிடைத்திருக்கும் இடமும் ஏறக்குறைய அதுதான். உட்கார்ந்தேன்.

அடுத்த ஆட்டோ வந்தது. தவமணி. பின்னால் தலை மூடிய ஒரு சிறுமி, கையில் ஒரு பழைய சாவிக்கொத்து. அதன் பின்னாலேயே மூதூர்ச் சொந்தக்காரத் தாயும், மகளும், ஒரு சின்னக் கத்தியும்.

மூன்று தாய்மாரும் மற்றவர்களின் பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார்கள். பிறகு மூவரும் கடலைப் பார்த்தார்கள். கிளினிக்கிலிருந்து கடல் தெரியாது.

"திரியாயிலையிருந்து எப்ப வந்தவ?" என்றார் தவமணி.

"இப்பதான். உங்கடை வெருகல்?"

"அவவும் இப்பதான்."

முதலில் சிரித்தது மூதூர்த் தாய். அது தொற்றிக்கொண்டது. சாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். "எடியே, மூண்டு மாமன்மாரும் ஒரே போட்டிலையல்லோ! கரைக்கு வந்து இறங்க, ஒரேயடியா மூண்டு பேருக்கும் சீலை வாங்கச் சொல்லப்போறம்!"

"பேசாமல் திரும்பக் கடலுக்கே போயிடுவாங்கள்" என்றார் தவமணி.

உள்ளே ஃபர்ஸானா நிலானியின் சட்டைக் கையை மடித்தார். "இண்டைக்கு ஒண்டு. ஆறு மாசத்தால இன்னொண்டு. அவ்வளவுதான்" என்றார். என் வகுப்பில் நான் சொன்ன அதே சாதாரணக் குரல். என்னிடம் கற்றாரா, முன்பே அவருக்குத் தெரியுமா என்று நான் விசாரிக்கவில்லை. சில விஷயங்களை விசாரிக்காமல் இருப்பதே எனக்கு லாபம்.

ஊசி ஏறியது. சிறுமி கண்ணை மூடித் திறந்தாள்.

"முடிஞ்சுதே, அம்மா?"

சாந்தி, தாதி கொடுத்த பஞ்சை மகளின் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பொட்டு ரத்தம்தான், அது எப்போதோ நின்றுவிட்டது. அடுத்த பிள்ளை வந்து உட்கார்ந்தாயிற்று. "எடுக்கலாம் அக்கா, இனி ஒண்டும் இல்ல" என்றார் ஃபர்ஸானா. சாந்தி தலையாட்டினார். கையை எடுக்கவில்லை.